மாசியில் சினைக்கு அவசரப்படாதீர்கள்

கடலூர், குறிஞ்சிப்பாடி, புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்களில் மாடு கட்டிப் பிழைக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே,

சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. அரிதாளுக்கு நடுவே உளுந்து முளைத்து இலை விட்டிருக்கிறது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசிய வண்ணம் இன்னும் உதிரவில்லை. இந்த நாட்களில்தான் உங்கள் கொட்டகையில் மாடு இராத்திரி முழுக்கக் கத்துகிறது. விடிந்ததும் சினை ஊசி போடுகிறவருக்கு ஃபோன் போகிறது, இல்லையென்றால் ஊர்க் காளையிடம் ஓட்டிப் போகிறீர்கள். அந்த அவசரத்தை இந்த ஆண்டு நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். தையிலும் மாசியிலும் பொறுங்கள். பங்குனி பாதி தாண்டட்டும். அதுவரை மாட்டைத் தேற்றுவோம், அதற்குரிய புல்லை ஊர் கூடித் தேடுவோம்.

மாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். எண்ணிப் பாருங்கள். தை நடுவில் சினை பிடித்தால் ஐப்பசி நடுவில் கன்று விழும். மாசி நடுவில் பிடித்தால் கார்த்திகை நடுவில். அந்த இரண்டு மாதத்தில் நம் மாவட்டம் எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 நவம்பர் வெள்ளத்தில் பரவனாற்றங்கரை ஊர்களில் பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் நகராமல் நின்று கொட்டியபோது சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. அடுத்த இரண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூரைச் சூழ்ந்தது. புயல் எந்த ஆண்டு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த மாதத்தில் வரும் என்பது நமக்கெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே அதே மாதத்தில் கன்று பிறக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டு, பிறகு விதியை நொந்துகொள்கிறோம்.

சேற்றில் விழுந்த கன்றுக்கு என்ன ஆகிறது? தொப்புள் கொடி காயாமல் சீழ் பிடிக்கிறது. மூட்டு வீங்குகிறது. கழிச்சல் வருகிறது, சளி நெஞ்சில் இறங்குகிறது. பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டிய கன்று, எழுந்து நிற்க ஈரமில்லாத ஒரு முழ இடம் கிடைக்காமல் தவிக்கிறது. தாய் மாட்டுக்கு மடிநோயும் குளம்பு அழுகலும் வருவதும் அந்த ஈரத்தில்தான். தீனியோ போன தையில் போட்ட போரின் அடித்தட்டு. நனைந்து, பூசணம் பிடித்து, கறுத்துப் போன வைக்கோல். வரப்பெல்லாம் தண்ணீருக்கடியில் கிடக்க, பால் சுரக்க வேண்டிய மாடு வெறும் வயிற்றோடு நிற்கிறது.

அதே மாடு தையிலோ மாசியிலோ கன்று போட்டால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். மழை ஓய்ந்திருக்கும். களத்தில் புது வைக்கோல், வீட்டில் புதுத் தவிடு. கன்று போட்ட ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் மாடு அதிகமாகக் கறக்கும். அந்த உச்சம் பங்குனியில் வரும். அப்போது உளுந்து அடித்து முடிந்து, கொடியும் பொட்டும் உங்கள் கையில் இருக்கும். வைக்கோலில் இல்லாத புரதம் அதில் இருக்கிறது. நெல்லும் உளுந்தும் மாறி மாறி விளைகிற நம் நிலமே மாட்டுக்கும் ஒரு நாட்காட்டி போட்டு வைத்திருக்கிறது. நாம்தான் அதைப் பார்க்காமல் கத்துகிற அன்றைக்கே ஊசி போடுகிறோம்.

இதில் ஒரு சங்கிலி இருக்கிறது, அதைக் கவனியுங்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கன்று போட்ட மாடு, இரண்டு மூன்று மாதம் கழித்துத் தையிலும் மாசியிலும் மறுபடி பருவத்துக்கு வரும். உடனே சினைப்படுத்தினால் அடுத்த கன்றும் அதே மழையில் விழும். அதற்கடுத்ததும் அப்படியே. ஒரு முறை, ஒரே ஒரு முறை பொறுத்தால்தான் இது அறும். தையில் கன்று போட ஆரம்பித்த மாடு, பங்குனி கடைசியிலும் சித்திரையிலும்தான் பருவத்துக்கு வரும். பிறகு அதுவே தன் மாதத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். "சொசைட்டிக்குப் பால் ஊற்றினால்தான் அடுப்பு எரிகிறது, குழுக்கடன் கட்ட வேண்டும், பருவம் தப்பினால் நஷ்டம் யாருக்கு?" நியாயமான கேள்வி. மாட்டின் பருவச் சுற்று 21 நாள். மாசிக் கடைசியில் கத்துகிற மாட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு சுற்று விட்டால் போதும். தை நடுவில் கத்துகிற மாட்டுக்கு மூன்று சுற்று விட வேண்டியிருக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் பால் தள்ளிப் போகும். அதைச் சின்ன இழப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே எல்லோரையும் ஒரே ஆண்டில் மாறச் சொல்லவில்லை. முதல் சினைக்கு நிற்கும் கிடேரிகளில் தொடங்குங்கள். பாலைவிடச் சாணத்துக்கும் கன்றுக்குமாக நீங்கள் வைத்திருக்கும் நாட்டு மாடுகளில் தொடங்குங்கள். மேடான இடத்தில் காரைத் தரையும் நல்ல கூரையும் உள்ள கொட்டகையில் நிற்கும் கறவை மாட்டை நீங்கள் இப்போதே சினைப்படுத்தினால் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். தாழ்வான ஊரில், கீற்றுக் கொட்டகையில், மழைக்கு மாட்டை ரோட்டோரம் கொண்டுவந்து கட்டுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். அவர்களுக்குத்தான் இது.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. தள்ளிப்போட நமக்குக் கிடைக்கும் காலம் குறுகியது. மே 4-ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். கடும் வெயிலில் கலப்பின மாடு சரியாகச் சினை பிடிக்காது. பருவத்துக்கு வந்தாலும் பகலில் அறிகுறி காட்டாமல் நடு இரவிலும் விடியலிலும் மட்டும் காட்டிவிட்டு அடங்கிவிடும். ஆக, கலப்பின மாட்டுக்குப் பங்குனி பாதியிலிருந்து அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் ஐந்து வாரம்தான். அதற்குள் ஒவ்வொரு மாடும் ஒரு முறையாவது பருவத்துக்கு வரும், பல மாடுகள் இரண்டு முறை வரும். நாட்டு மாடு வெயிலைத் தாங்கும், அதற்கு வைகாசி வரைக்கும் காலம் உண்டு. கண்ணாடி போன்ற வழும்பு தொங்குகிறதா என்று விடியற்காலையில் ஒருமுறை, படுக்கப் போகும் முன் ஒருமுறை பாருங்கள். காலையில் பார்த்தால் மாலையில் ஊசி, மாலையில் பார்த்தால் மறுநாள் காலையில் ஊசி. இந்த வேலையைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் செய்கிறார்கள். பயிற்சி முகாமுக்கு மட்டும் ஆண்களை அழைக்கிறார்கள். இதைக் கால்நடைத் துறையினர் படித்தால் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இறைச்சிக்கு மாடு வளர்ப்பவர்கள் காளையை ஆண்டு முழுவதும் பசுக்களோடு விட்டுவைப்பதில்லை. ஒன்பது முதல் பன்னிரண்டு வாரம் விட்டுவிட்டுப் பிரித்துவிடுவார்கள். குளிர் விலகிப் புல் தழைக்கிற வசந்தத்தில் கன்று பிறக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நம் ஊரில் இறைச்சிக்கென்று மாட்டுப் பண்ணை கிடையாது. மாடு அறுப்பைக் கட்டுப்படுத்தும் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் 1976-இல் வந்த பசுவதைத் தடை ஆணையும் இருக்கிற மாநிலம் இது. ஆனாலும் புல்லோடும் வானத்தோடும் சினையைப் பொருத்துகிற அந்தக் கணக்கு நமக்கும் பொருந்தும். அவர்களுக்குப் பனி எப்படியோ, நமக்கு வடகிழக்குப் பருவமழை அப்படி.

சரி, பங்குனிக்குத் தள்ளிவிட்டோம். பங்குனியில் மாடு எதைத் தின்னும்?

இங்குதான் எனக்கு மனம் கொதிக்கிறது. நம் பாட்டன்மார் காலத்தில் அறுப்பு முடிந்தால் வயல்கள் மாட்டுக்குத் திறந்துவிடும். இன்று சம்பா நிற்கும்போதே, அறுப்புக்கு ஏழெட்டு நாள் முன்னால், ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறோம். உளுந்து நமக்குக் காசு, மண்ணுக்கும் நல்லது. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மாசி முழுக்கவும் பங்குனியில் உளுந்து எடுக்கும்வரையும் வயலில் மாடு கால் வைக்க முடியாது. வைத்தால் வாய்ச்சண்டை, பஞ்சாயத்து, அபராதம். வைக்கோலையாவது பார்த்தால், அறுவடை இயந்திரம் இறைத்துவிட்டுப் போவதைக் கட்டு இயந்திரம் உருட்டிக் கட்டுகிறது, அன்றைக்கே லாரி ஏறி வெளியூர் போகிறது. வரப்பிலாவது புல் இருந்தது. இப்போது வரப்பிலும் களைக்கொல்லி அடிக்கிறீர்கள். நிலம் இல்லாமல் ஒரு மாடு இரண்டு மாடு வைத்துக்கொண்டு வரப்புப் புல்லை அறுத்தே காப்பாற்றுகிற பெண்கள் எங்கே போவார்கள்? நிலம் உள்ளவர்களை நேராகவே கேட்கிறேன்: வரப்பில் மருந்து அடிக்காதீர்கள். மண்வெட்டியால் செதுக்க ஆள் கிடைக்கவில்லை என்றால், புல்லறுக்க வருகிற அக்காவைக் கூப்பிட்டு அறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மிச்சம் இருப்பது மேய்க்கால் புறம்போக்கு. அது எங்கே? உங்கள் ஊர் அ-பதிவேட்டைப் பாருங்கள். புல எண்ணும் பரப்பும் அதில் எழுதியிருக்கும். நேரில் போய்ப் பாருங்கள். பாதியில் சீமைக்கருவேலம் அடைந்திருக்கும். ஒரு மூலையில் குப்பை கொட்டியிருப்பார்கள், இன்னொரு மூலையை யாரோ வரப்புப் போட்டு உழுதிருப்பார்கள். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் மேய்ச்சல் நிலத்தை முறைப்படுத்தும் பொறுப்பை ஊராட்சியின் கையில்தான் கொடுத்திருக்கிறது. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றிக் கிராம சபையிடமே ஒப்படைக்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநில அரசுகளுக்கும் உத்தரவிட்டது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. கேட்கிற வாய்தான் இல்லை.

கருவேலத்தை வெட்டினால் போதாது, அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும். அதன் நெற்றைத் தின்ற மாட்டின் சாணத்தில் விதை சாகாமல் வந்து முளைக்கும் என்பதால், பிடுங்கிய இடத்தில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கன்றுச்செடிகளைக் களைய வேண்டும். பிடுங்கிய இடத்தில் கொழுக்கட்டைப் புல் விதைக்க இப்போது காலம் இல்லை, ஐப்பசி மழைக்கு முன் புரட்டாசியில் விதைக்கலாம். கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் உப்புப் பாரித்த மண்ணில் அறுகுதான் தாக்குப்பிடிக்கும். இருக்கிற அறுகைக் காப்பாற்றினாலே போதும். அந்தப் பக்கத்து உறவுகளுக்கு ஒரு வார்த்தை: புல் இல்லையென்று பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் மாட்டை விடாதீர்கள். இளங்கன்றுகளைக் கடித்துவிட்டால் காடு எழாது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது அந்தக் காடு பின்னால் இருந்த குப்பங்களுக்கு அரணாக நின்றதை நீங்களே பார்த்தவர்கள்.

இந்தப் பங்குனிக்கே செய்யக்கூடிய ஒன்று உண்டு. இருக்கிற மேய்க்காலை மூன்று பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கில் இப்போதிலிருந்தே மாடு விடாமல் அடைத்து வையுங்கள். தை மாசி ஈரத்திலும் பனியிலும் வளர்கிற புல் அங்கே நின்றபடியே இருக்கட்டும். மாசிக் கடைசியில், சினைக்கு நிற்கும் மாடுகளுக்கு மட்டும் முதலில் திறந்துவிடுங்கள். சினைப்படுத்துவதற்கு முந்தைய மூன்று நான்கு வாரம் வயிறு நிறையத் தின்ற மாடு நன்றாகப் பருவத்துக்கு வரும், சினையும் நிற்கும். விலா எலும்பு தெரிய நிற்கும் மாட்டுக்கு எத்தனை ஊசி போட்டாலும் பணம்தான் போகும். மற்ற இரண்டு பங்கிலும் மாறி மாறி மேய்க்க வேண்டும். புல் ஒரு சாண் உயரம் வந்தால் விடலாம், நாலு விரல் உயரத்துக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். தரையோடு கரம்பினால் வேர் ஓய்ந்துபோகும். கோடை மழை இரண்டு விழுந்தாலும் அது தழையாது. வீராணம், பெருமாள் ஏரி, வாலாஜா ஏரிக்கரை ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் வடியும் ஓரத்தில் பச்சைப் புல் கிடைக்கும். ஆனால் நத்தை நிறைந்த அந்த ஈரப் புல்லில்தான் ஈரல் புழுவும் இருக்கும். அங்கே மேய்ந்த மாட்டுக்குக் குடற்புழு நீக்கம் சினைப்படுத்துவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். புழு மருந்துகளில் சில, சினை பிடித்த முதல் வாரங்களில் கொடுத்தால் கருவைக் கெடுக்கும். மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள்.

போரில் வைக்கோல் வைத்திருப்பவர்கள், 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்துத் தெளித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வையுங்கள். சத்து கூடும், செரிப்பும் கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு மட்டும் இது வேண்டாம். கரைத்த வாளியை மாடு நக்கும்படி விட்டுவிடாதீர்கள், உயிர் போய்விடும். நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள் தோகையைத் தீ வைக்காமல் கொழுந்தாடையை மாட்டுக்காரருக்கு விடுங்கள். தண்ணீர் வசதி உள்ளவர்கள் கால் காணியில் கோ எஃப்.எஸ். 29 தீவனச் சோளம் போடலாம். வாடிய இளஞ்சோளத்தில் நச்சு இருக்கும். பூ எடுக்காமல் மாட்டை அதில் விடக் கூடாது.

இனிக் காளை. ஊசிக்கு ஜெர்சி விந்து கிடைக்கிறது, பால் வேண்டியவர்கள் போடுங்கள். ஆனால் கடைமடையில் சேற்றுக்கும் வெயிலுக்கும் கிடைக்கும் தீனிக்கும் பழகிய மாடு உம்பளச்சேரி. பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும் கன்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, நாலு காலிலும் வெள்ளை. நாகை, திருவாரூர்ப் பக்கத்துச் சொத்து என்று விட்டுவிட வேண்டாம். கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கமும் அதே களிமண், அதே நடவு. திருத்துறைப்பூண்டி அருகே கொருக்கையில் அரசுப் பண்ணையே இருக்கிறது. இருபத்தைந்து முப்பது பசுவுக்கு ஒரு நல்ல பொலிகாளை போதும். இரண்டு மூன்று ஊர் சேர்ந்து ஒரு காளை வாங்குங்கள், தையிலும் மாசியிலும் அதைத் தனியே கட்டி வையுங்கள். மூன்றாவது ஆண்டில் அடுத்த ஊர்க் காளையோடு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தன் கன்றையே அது சினைப்படுத்தும், இனம் சிறுத்துப் போகும். ஊரில் திரிகிற நோஞ்சான் காளைக் கன்றுகளைக் காலத்தில் காயடித்துவிட வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடாகப் பொறுத்திருக்கும் உங்கள் மாட்டை மாசியில் மேய்ச்சலில் கெடுப்பது அவைதான். வளர்க்க முடியாத காளைக் கன்றைப் பால் விடாமல் கொல்வதும், சிதம்பரம் தேரோடும் வீதிகளில் கொண்டுபோய் அவிழ்த்துவிடுவதும் வேண்டாம். உளுந்து எடுத்தபின் சித்திரை, வைகாசியில் கிடை கட்ட மாடு தேடி அலைகிற உழவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அந்தக் கன்றை ஒரு கிடைக்காரரிடம் சேர்த்துவிடலாம்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அதையொட்டிக் கிராம சபை கூடுவது வழக்கம். பங்குனி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் சபை உங்களுடையது. போகாமல் இருந்துவிடாதீர்கள். நிலம் உள்ளவரும் இல்லாதவரும், ஆணும் பெண்ணும், மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு ஒருவராவது போய் உட்காருங்கள். மேய்க்கால் புறம்போக்கை அளந்து எல்லைக்கல் நட வேண்டும், கருவேலத்தை ஊரக வேலைத் திட்டத்தில் வேரோடு எடுக்க வேண்டும், மேய்க்காலில் ஒரு பங்கை ஆண்டுதோறும் மாசிக் கடைசிவரை அடைத்து வைக்க ஊர்க் கட்டுப்பாடு வேண்டும், வரப்பில் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்த வேண்டும், சினைப் பரிசோதனைக்கும் புழு நீக்கத்துக்கும் கால்நடை மருத்துவர் பங்குனியில் ஊருக்கு வந்து முகாம் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்று சொன்னால் எழுந்துவிடாதீர்கள். தீர்மான எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன்னால், இந்த வாரமே, கிராம நிர்வாக அலுவலரிடம் போய் உங்கள் ஊர் மேய்க்காலின் புல எண்ணையும் பரப்பையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
புவனகிரிப் பக்கத்திலிருந்து, உங்களில் ஒருத்தி